அக்கா மகளுக்கு வாங்கிய முதல் ரைபிள்

பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுவதில் ஆர்வம் வந்துவிட்டது, என்ன ரைபிள் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்றுதான் நான் முதலில் சொல்கிறேன். ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்து, அங்கிருக்கும் பொது ரைபிளில் சில மாதங்கள் சுட வைத்து, எந்தத் தோள், எந்தக் கண், எவ்வளவு எடை என்பதெல்லாம் தெளிந்த பிறகு கடைக்குப் போனால் பாதிப் பணமும் முழு மனஉளைச்சலும் மிச்சமாகும். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குப் பதின்மூன்று வயதில் இந்த ஆசை வந்தது. சடங்குக்கு நகை போடுவதாக நான் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், அந்த நகைக்குப் பதிலாக ரைபிள் வேண்டும் என்று அவளே பேசி முடித்துவிட்டாள். தாய்மாமன் சீராகத் துப்பாக்கி வாங்கித் தந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அழுத்தக் காற்று, வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ் என்பவையெல்லாம் தினமும் கையாளுகிற பொருள்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 டீலக்ஸ் ரைபிளில் படுத்துச் சுட்டிருக்கிறேன். ஆனால் நின்றுகொண்டு பத்து மீட்டர் தூரத்திலிருந்து சுடும் விளையாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதனால் கோச்சிடம் கேட்டதையும், மற்றப் பெற்றோரிடம் கேட்டதையும், என் தொழில் சார்ந்து நானே பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போட்டி ரைபிள் என்றதும் பலரும் .22 என்றே நினைக்கிறார்கள். தொடக்க வயதில் அது பேச்சுக்கே இல்லை. .22 என்பது 0.22 அங்குல விட்டமுள்ள, வெடிமருந்து நிரப்பிய தோட்டா. அதற்கு ஆயுத உரிமம் வேண்டும், அந்த உரிமத்தைப் பெறுவதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தச் சிறிய தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போய் ஆளைக் காயப்படுத்தக் கூடியது. பிள்ளைகள் தொடங்குவது ஏர் ரைபிளில். அதில் போகும் பெல்லட் என்ற 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுக்கு வெடிமருந்து கிடையாது, காற்றின் அழுத்தம் மட்டுமே. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழாய் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டு வெளியேறும்போது அதற்கு இருக்கும் முகப்பு ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்குரிய பத்து மீட்டர் ரைபிளின் ஆற்றல் ஏழரை ஜூல் அளவில்தான் இருக்கும் என்பதால் அது இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடும். இதைவிட வேகமாகச் சுடும் ரைபிள் நல்ல ரைபிள் என்று கடையில் யாராவது சொன்னால், அவர் விற்பது இந்த விளையாட்டுக்கான பொருள் அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். தாளில் துளை போட வேகம் தேவையில்லை.

தேவைப்படுவது என்ன என்பதை டார்கெட்டின் அளவைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பத்து மீட்டர் ரைபிள் டார்கெட்டில் மொத்த வளையங்களின் விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். அதில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் எடுத்தும் பத்தாம் இடத்தில் நின்று, எட்டுப் பேர் மட்டும் போகும் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். புள்ளிகளைத் தசமத்தில் கணக்கிடுவதால், நட்ட நடுவில் பட்ட குண்டுக்குப் பத்துக்கு மேலும் கிடைக்கும். ஒரு குண்டுக்குச் சராசரியாகப் பத்தரைக்கு மேல் எடுத்தவரின் கதி அது.

இப்படிப்பட்ட விளையாட்டில் முதல் ரைபிளுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். குண்டு விலகிப் போனால், அது தன் பிழையா துப்பாக்கியின் பிழையா என்று பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாது. விசையை, அதாவது ட்ரிகரை, இழுத்த கணத்தில், டார்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே, "வலப்பக்கம் ஒன்பது" என்று தானே சொல்லிப் பழகுவதைக் கோச்சுகள் 'கால்' (call) கொடுப்பது என்பார்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கும்போதுதான் பயிற்சி பலன் தருகிறது. துப்பாக்கி தன் பங்குக்கு ஒரு கோளாறைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை எதையும் கற்காது, சலிப்பைத் தவிர.

மலிவான ஸ்பிரிங் ரைபிளில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். மெரினாவில் பலூன் சுடும் கடைகளில் பேரலை, அதாவது குழாயை, மடக்கி நிமிர்த்துவார்களே, அதே வகைதான். உள்ளே இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. பெல்லட் குழாயை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் உதைப்பு ரைபிளைப் பின்னும் முன்னுமாக ஆட்டிவிடுகிறது. இந்த ஆட்டத்தைச் சமாளிக்க ரைபிளை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தளர்வாகப் பிடிக்கத் தெரிய வேண்டும். அது தேர்ந்தவர்களின் கைப்பழக்கம், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கக் கூடியது அல்ல. விசையும் கனமானது. கிலோக்கணக்கில் இழுத்துப் பழகிய விரலுக்கு, நூறு கிராமுக்கும் குறைவாக வைக்கப்பட்ட போட்டி ரைபிளின் விசை பிற்பாடு தொட்டதும் வெடித்துவிடும். இவை போதாதென்று, ஒவ்வொரு குண்டுக்கும் பேரலை மடக்கப் பிள்ளை தன் முழு பலத்தையும் செலவிட வேண்டியிருக்கிறது. மடக்கிய நிலையில் விசை தவறிப் பட்டால் பேரல் விரலை நசுக்கும் அபாயமும் உண்டு. துளை வழியாகப் பார்க்காமல் சாதாரணக் குறிமுள்ளை வைத்துச் சுடும் ஓப்பன் சைட் பிரிவில் உள்ளூர்ப் போட்டிகள் நடக்கின்றன, அவற்றுக்கு ஸ்பிரிங் ரைபிளே போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. போட்டிக்குப் போதும் என்பது சரிதான். நான் சொல்வது கற்றுக்கொள்ளும் காலத்தைப் பற்றி.

பி.சி.பி. எனப்படும் வகையில் காற்று முன்கூட்டியே சிலிண்டரில் 200 பார் அளவுக்கு நிரப்பப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் ஒரு வால்வு கணநேரம் திறந்து மூடும், அவ்வளவுதான். உதைப்பு ஏறத்தாழ இல்லை. பெரும்பாலான போட்டி ரைபிள்களில் காற்றை வெளியேற்றாமல் விசையை மட்டும் இழுத்துப் பழக ட்ரை ஃபயர் வசதியும் உண்டு. ஸ்பிரிங் ரைபிளில் வெறுமனே சுட்டால் பிஸ்டனும் சீலும் அடிபடும் என்பதால் அந்தப் பயிற்சிக்கே வழியில்லை. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் ஆகிய ஜெர்மன் நிறுவனங்களின் உயர்ந்த ரகங்கள் புதிதாக இரண்டு லட்சத்தைத் தாண்டும். அவை தொடக்கக்காரருக்குத் தேவையில்லை. இளையோருக்கென எடை குறைவாகச் செய்யப்படும் ரகங்களும், எளிய தொடக்க ரகங்களும், இந்தியாவிலேயே தயாராகும் பி.சி.பி. டார்கெட் ரைபிள்களும் இருக்கின்றன. பழையது கிடைத்தால் இன்னும் நல்லது.

ரகத்தை முடிவு செய்வதற்கு முன்பே கண்ணைச் சோதிக்க வேண்டும். எங்கள் கோச் அவளை இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலக்கண்ணை மூடியபோது கடிகாரம் அப்படியே இருந்தது. இடக்கண்ணை மூடியதும், "காணோம் மாமா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வலக்கையால் எழுதுகிற, வலக்கையால் சாப்பிடுகிற பெண்ணுக்கு ஆதிக்கம் செலுத்தும் கண் இடக்கண். இப்படி இருப்பவர்கள் அபூர்வமல்ல. சிலர் வலத்தோளிலேயே சுட்டு, இடக்கண்ணின் பார்வையை ஒரு சிறு மறைப்பால் தடுத்துக்கொள்கிறார்கள். சிலர் தோளையே மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டையும் சில வாரங்கள் முயன்று பார்த்த பிறகு அவளுக்கு இடத்தோள்தான் அமைந்தது. உடனே எங்கள் தேடல் சுருங்கிவிட்டது. விற்பனைக்கு வரும் பழைய ரைபிள்களில் பெரும்பாலானவை வலக்கைக்கான கிரிப்புடன், அதாவது கைப்பிடியுடன், இருப்பவை. குண்டு போடும் நெம்புகோலைப் பக்கம் மாற்றக் கூடியதாகவும், இரு கைக்கும் பொதுவான கிரிப் உள்ளதாகவும் ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. முந்திக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தப் பணம் கடலில் போட்டது போலத்தான்.

அடுத்தது உடலுக்குப் பொருந்துவது. எடையைக் கேட்டுவிட்டு, லேசானது நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. போட்டி விதி ஐந்தரைக் கிலோ வரை அனுமதிக்கிறது, பெரியவர்கள் அதை ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் கனம் இருந்தால் நடுக்கம் குறையும். ஆனால் வளரும் முதுகுக்கு அந்தக் கனம் கூடாது. கோச் பார்த்தது அவள் கையை அல்ல, இடுப்பை. ரைபிளைத் தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின் மீது வந்து உட்கார வேண்டும். எடை எலும்பு வழியாகக் காலுக்கு இறங்க வேண்டுமே தவிர, தோள் தசை அதைச் சுமக்கக் கூடாது. முழங்கை எலும்பை எட்டாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்த ரைபிள் கனம் என்று அர்த்தம். தலை நிமிர்ந்தபடியே கண், குறி பார்க்க உதவும் பீப் சைட்டின் துளைக்கு நேரே வர வேண்டும். கழுத்தை நீட்டித் துளையைத் தேடினால், தோளில் படியும் பட் பிளேட் அதிக நீளத்தில் இருக்கிறது, கன்னத்தை ஏந்தும் சீக் பீஸ் சரியான மட்டத்தில் இல்லை என்று அர்த்தம். இவை இரண்டும் திருகாணியால் நகர்த்தக் கூடியவையாக இருப்பதுதான், வளரும் பிள்ளைக்கு வாங்கும் ரைபிளில் நான் பணம் கொடுக்கத் தயங்காத ஒரே அம்சம்.

எல்லாம் பொருந்தியதாகத் தோன்றிய பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். நின்று, குறி பார்த்து, கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சு விட்டுவிட்டு, கண்களைத் திறக்க வேண்டும். சைட் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் அதே இடத்தில் இருந்தால் உடலும் ரைபிளும் ஒத்துப்போய்விட்டன. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பாதத்தை மாற்றிச் சரிசெய்யலாம். மேலே கீழே நகர்ந்திருந்தால் பட் பிளேட்டைத் திருத்த வேண்டும். எத்தனை திருத்தியும் அடங்காத ரைபிள் ஒன்றை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தோம். விலையோ நிறுவனப் பெயரோ அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

பழைய ரைபிளை வாங்குவதில் என் தொழில் உதவியது. முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் நிறுவனங்கள் பொதுவாக ஒரு சிலிண்டருக்குப் பத்து ஆண்டு ஆயுள் சொல்கின்றன. ஆயுள் முடியப் போகும் சிலிண்டர் என்றால், புதியதன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டும். இரவில் கேஜைப் படம் எடுத்து வைத்து, மறுநாள் அதே நேரத்தில், அதே அறையில் பார்க்க வேண்டும். வெப்பத்தால் முள் சற்று அசையும், அது குறையல்ல, ஆனால் தெளிவாக இறங்கியிருந்தால், காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஏதோ ஒன்று போய்விட்டது. ஓ-ரிங் மலிவு, ஆனால் அதை மாற்றத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போது பழைய பில், வரிசை எண், விற்றவரின் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவை இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

காற்று நிரப்பும் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கைப்பம்பு வாங்கித் தருகிறேன், வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். எங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை அந்தப் பம்பு அப்படியே உள்ளே தள்ளும், சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கும், வால்வு அரிக்கும். அதனால் பயிற்சி நிலையத்தில் உலர்ந்த காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்துதான் நிரப்புகிறோம். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், வேகமாகத் திறந்தால் சிலிண்டர் சூடேறும். உயர் அழுத்தக் காற்று போகும் இணைப்புகளில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. அழுத்தத்தில் அது தீப்பற்றும். அதற்கென்றே சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது. நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

காசிமேட்டுக் காற்றில் உப்பு இருப்பதை வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். துப்பாக்கியின் இரும்பு அதற்கு விதிவிலக்கல்ல. சுட்டு முடித்ததும் வியர்வைக் கை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து, வெளி உலோகத்தில் மெல்லிய எண்ணெய் தடவி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கிறாள். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பஞ்சே ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அப்போது பெட்டியைத் திறந்து காயவிட வேண்டும். சுடும்போது போடும் கேன்வாஸ் ஜாக்கெட்டில் பூசணம் பிடிப்பதும் அந்த மாதங்களில்தான்.

வீட்டில் சுடுவது கிடையாது. மொட்டை மாடியில் பத்து மீட்டர் இருக்கிறதே என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார். சுவரில் பட்டுத் தெறித்தாலும் தப்பிப் போனாலும் அந்த ஈயத் துண்டு நூறு மீட்டரைத் தாண்டியும் போகும், எங்கள் பகுதியில் நூறு மீட்டருக்குள் எத்தனை மாடி, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் நடப்பது ட்ரை பயிற்சி மட்டும். குண்டு இல்லை என்பதைப் பெரியவர் ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகு, மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒன்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்புப் பொட்டு ஒட்டி, அதைக் குறி பார்த்து விசையை இழுக்கிறாள். பத்து மீட்டரில் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதே அளவில் இது தெரியும். நெடுக ஓடும் ஒற்றை அறை வீட்டுக்கு இதைவிட வசதியான பயிற்சி இல்லை. ஜன்னலை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் போகிறவர்கள் பதறுவார்கள். எதிர்வீட்டு ஆயா ஒரு முறை பார்த்துவிட்டு, "இன்னாமா, பொண்ணை இன்னா பண்ணப் போறீங்க?" என்று அக்காவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ரைபிள் பீரோவில் பூட்டியிருக்கும், பெல்லட் டப்பா வேறு இடத்தில், சாவி அக்காவிடம்.

பெல்லட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலை தட்டையாக இருப்பதை மட்டுமே வாங்க வேண்டும், அதுதான் தாளில் வட்டமாக வெட்டும். பாவாடை போன்ற பின்பகுதி நசுங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும். ஈயம் என்பதால் உதட்டில் வைத்துக்கொள்வதும், சுட்டுவிட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தில் கை வைப்பதும் கூடாது.

பயணம் இன்னொரு தொல்லை. அவள் சுடும் இடத்துக்கும், போட்டிகள் என்றால் செங்குன்றத்தைத் தாண்டி அலமாதிக்கும் போக வேண்டியிருக்கிறது. ரைபிள் பெட்டி அவள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மாநகரப் பேருந்தில் ஏற்றினால் நடத்துநர் என்னவென்று கேட்பார், கேட்கவும் வேண்டும். பூட்டிய கடினப் பெட்டி, பில்லின் நகல், பயிற்சி நிலைய அடையாள அட்டை, கூடவே பெரியவர் ஒருவர் என்ற ஏற்பாட்டை ஒரு நாளும் மாற்றுவதில்லை. தேர்தல் காலத்தில் பறக்கும் படையினர் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். உரிமம் தேவையில்லாத வகை என்பதைச் சாலையோரத்தில் நின்று விளக்குவதைவிட, அந்த நாள்களில் ரைபிளைப் பயிற்சி நிலையத்தின் பெட்டகத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் கேரமில் உலகப் பட்டம் வென்றார். குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் எங்கள் பகுதி பெயர்போனது. அந்த விளையாட்டுகளில் பிள்ளையின் கைக்கும் திறமைக்கும் இடையே இவ்வளவு பெரிய செலவு குறுக்கே நிற்பதில்லை. இதில் ரைபிள் வாங்கியதோடு செலவு முடிவதில்லை. பெல்லட், ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, தட்டையான அடிப்பாகமுள்ள காலணி, போட்டிக் கட்டணம் என்று நீளும். என் கணக்கில் ரைபிளுக்கு ஒதுக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மீதியில் முதலிடம் பெல்லட்டுக்கு, ஏனென்றால் குண்டுக்குக் கணக்குப் பார்த்துச் சுடும் பிள்ளை பயந்து பயந்துதான் சுடும். ஜாக்கெட்டும் கால்சட்டையும் ஓரிரு ஆண்டில் சிறுத்துவிடும் என்பதால் நாங்கள் புதிதாக வாங்கவே இல்லை. முன்பு சுட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீட்டில் கேட்டால் மகிழ்ச்சியாகவே கொடுக்கிறார்கள்.

.22 ஆசை அவளுக்கு இப்போது வந்திருக்கிறது. இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்து, படுத்தும் மண்டியிட்டும் சுட வேண்டும் என்கிறாள். சங்கத்தின் ரைபிளில், சங்கத்தின் தோட்டாவில், கோச்சின் கண்பார்வையில் பழகலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சொந்தமாக .22 வாங்குவது அவளுக்கு 21 ஆன பிறகு, அவள் சம்பாத்தியத்தில். அதற்குள் இந்த ஏர் ரைபிளின் பட் பிளேட்டை இன்னும் பல முறை நீட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவெடுத்து, எந்தத் திருகாணி எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்பதை அவளே ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள்.